எழுதும் இயந்திரமும் இறையியற் கல்லூரியின் பொறுப்பும்

முன்னுரை

2023-ஆம் ஆண்டு பெப்ரவரி 13-ஆம் நாள் இரவு, அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் மாணவர் மூவர் உயிரிழந்தனர், ஐவர் காயமுற்றனர். மூன்று நாட்களுக்குப் பின்னர், டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் உறுப்பாகிய பீபடி கல்லூரியின் அலுவலகம் ஒன்று, தன் மாணவர்களுக்கு மின்னஞ்சல் வழியே மடல் ஒன்றை அனுப்பியது. இத்தகைய துயர வேளையில் ஒருவர்மீது ஒருவர் அக்கறை கொள்ள வேண்டும், எவரும் அஞ்சாமலும் விலக்கப்படாமலும் வாழும் சூழலை உருவாக்க வேண்டும் என்று அம்மடல் கேட்டுக்கொண்டது. ஆனால் மடலின் அடியில் சிறிய எழுத்துக்களில் ஒரு குறிப்பு இருந்தது. சாட்ஜிபிடி எனும் செயற்கை நுண்ணறிவுக் கருவி தந்த வாசகத்தைத் தழுவி இம்மடல் அமைந்தது என்று அக்குறிப்பு அறிவித்தது. மாணவர்கள் மனம் புண்பட்டனர். மறுநாளே அவ்வலுவலகம் மன்னிப்புக் கேட்டு இன்னொரு மடல் அனுப்ப நேர்ந்தது.

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1873-இல் மெதடிஸ்டு திருச்சபையாரின் முயற்சியால் தோன்றியது. இன்றும் இறையியற் புலம் ஒன்றை உடையது. அங்கு நிகழ்ந்தது நமக்குத் தொலைவான செய்தி எனத் தள்ளிவிடக் கூடியதன்று. ஏனெனில், துயருற்றோருக்குச் சொல்ல வேண்டிய சொல்லைத் தேடி எழுதுவது ஆயர்களாகிய நம் அன்றாடப் பணி. அப்பணிக்கே மாணவரை ஆயத்தம் செய்வது இறையியற் கல்லூரி.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. அம்மடல் எதையும் மறைக்கவில்லை. கருவியைப் பயன்படுத்தினால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பதே இன்று பல கல்லூரிகள் வகுக்கும் முதல் விதி. பீபடி கல்லூரியின் மடல் அவ்விதிக்குப் பொருந்தியே இருந்தது. ஆயினும் அது மாணவரைக் காயப்படுத்தியது. ஆகவே, நேர்மையாகத் தெரிவித்தல் இன்றியமையாதது எனினும், அதுவே பொறுப்பு ஆகிவிடாது. பிறரிடம் ஒப்படைக்கத்தக்க பணிகள் உண்டு. ஒப்படைக்கலாகாத பணிகளும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இவ்வியந்திரம் செய்வது யாது?

கருவியைப் பழிப்பதற்கு முன்னும் புகழ்வதற்கு முன்னும் அது இயங்கும் முறையை அறிந்துகொள்ளுதல் நலம். எழுத்து, படம், ஒலி ஆகியவற்றைப் புதிதாக ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு வகை ஒன்று உண்டு. அவ்வகையுள் பொதுமக்களிடையே பெரும் பரவல் பெற்றது, ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 நவம்பர் 30 அன்று வெளியிட்ட சாட்ஜிபிடி ஆகும். இதன் அடிப்படையான கணித அமைப்பை 2017-இல் கூகுள் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர் எண்மர் ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தனர்.

இக்கருவிக்குப் பெருந்தொகையான நூல்களும் கட்டுரைகளும் உரையாடல்களும் பயிற்சிப் பாடமாகத் தரப்படுகின்றன. அவற்றையெல்லாம் அது சிறு சிறு துண்டுகளாக்கி, ஒரு துண்டிற்குப் பின் எத்துண்டு வரக்கூடும் என்பதைக் கணிக்கப் பழகுகிறது. பின்னர், எவ்விடை மனிதருக்கு ஏற்புடையது என மனிதர் அளித்த மதிப்பீடுகளைக் கொண்டு அது மேலும் செப்பம் செய்யப்படுகிறது. நாம் ஒரு வினாவை எழுப்பும்போது, அவ்வினாவிற்குப் பின் வரத்தக்க சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி விடையை ஆக்குகிறது. நூலகர் ஒருவர் அலமாரிக்குச் சென்று நூலை எடுத்துப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்வதுபோல அது சொல்வதில்லை. இணையத்தில் தேடிச் சொல்லும் வசதி பின்னாளில் சேர்க்கப்பட்டது உண்மையே. ஆயினும் தேடிக் கண்டதைச் சுருக்கிச் சொல்லும்போதும் இதே கணிப்பு முறையே செயற்படுகிறது.

ஆகவே, இயந்திரம் பிழையாகச் சொல்லும்போது அது கெட்டுப்போய்விட்டது என்று கருதுதல் தவறு. சரியாகச் சொல்லும்போதும் பிழையாகச் சொல்லும்போதும் அது ஒரே செயலைத்தான் செய்கிறது. அவ்விரண்டின் வேறுபாட்டை அறிய அதற்கு வெளியே ஒரு சான்று வேண்டும். 'சாட்சி' எனும் சொல்லை நாம் நன்கறிவோம். கண்டதையும் கேட்டதையும் சொல்பவரே சாட்சி. சொன்னதற்காக நிற்பவரே சாட்சி. இவ்வியந்திரம் எதையும் கண்டதில்லை. எதற்காகவும் நிற்க இயலாது. கண்டவர்கள் எழுதியவற்றின் சாயலை அது தருகிறது. அச்சாயல் பல வேளைகளில் பயன் தருவதே. எனினும் அது சாட்சியம் அன்று.

தமிழைப் பொறுத்தவரை இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் எழுத்தில் ஆங்கிலத்தின் பங்கு மிகப் பெரிது. தமிழின் பங்கு நூறில் ஒன்றுக்கும் வெகு குறைவு. ஆகவே ஆங்கில விடையினும் தமிழ் விடையில் பிழைக்கு இடம் அதிகம். தமிழ்க் கிறிஸ்தவ எழுத்தில் பெரும்பகுதி, அதாவது சபைப் பதிவேடுகள், பழைய மாத இதழ்கள், குருமாரின் குறிப்பேடுகள் ஆகியன, இணையத்தை எட்டவேயில்லை. நம் சபைகளின் வரலாற்றைப்பற்றி இயந்திரத்திடம் வினவும் மாணவர், தம் கல்லூரி நூலகத்தின் அடித்தட்டில் இருப்பதை அறியாத ஒருவரிடம் வினவுகிறார் என்பதை மறக்கலாகாது.

2. மேற்கோளும் மெய்ம்மையும்

2023-இல் நியூயார்க் கூட்டரசு நீதிமன்றத்தில் விமான நிறுவனம் ஒன்றின்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், வாதியின் வழக்கறிஞர்கள் முன்தீர்ப்புகள் பலவற்றை எடுத்துக்காட்டி மனு அளித்தனர். அவற்றுள் ஆறு தீர்ப்புகள் எந்நீதிமன்றத்திலும் வழங்கப்படாதவை. சாட்ஜிபிடியே அவற்றைப் பெயரோடும் எண்ணோடும் புனைந்திருந்தது. இவை மெய்யான வழக்குகள்தாமா என்று வழக்கறிஞர் அக்கருவியிடமே வினவினார். மெய்யே என்று அது விடை தந்தது. நீதிபதி 2023 ஜூன் 22 அன்று ஐயாயிரம் டாலர் தண்டம் விதித்தார். கருவியைப் பயன்படுத்தியது குற்றம் என அவர் கூறவில்லை. நீதிமன்றத்தின்முன் வைக்கும் எழுத்து மெய்யானது என உறுதிசெய்யும் வாயிற்காவலர் கடமை வழக்கறிஞருக்கு உண்டு. அதில் அவர்கள் தவறினர் என்பதே தீர்ப்பின் சாரம்.

இறையியல் மாணவரின் ஆய்வேட்டிற்கும் ஆயரின் அருளுரைக்கும் இது பொருந்தும். ஓர் இறையியலாளர் கூறியதாக ஒரு வாக்கியத்தை இயந்திரம் தரும். நூலின் பெயரையும் பக்க எண்ணையும் சேர்த்தே தரும். நூலைத் திறந்தால் அப்பக்கத்தில் அது இராது. சில வேளைகளில் அந்நூலே இராது. திருமறைப் பகுதிகளிலும் இவ்விடர் உண்டு. நம் சபைகளில் 1871-இன் ஐக்கிய மொழிபெயர்ப்பு வழக்கில் உள்ளது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பும் பயன்படுகிறது. இயந்திரத்திடம் ஒரு வசனத்தைத் தமிழில் கேட்டால், இவ்விரண்டிலும் இல்லாத வாசகம் ஒன்று அதிகாரமும் வசன எண்ணும் ஏந்தி வரக்கூடும். வயது முதிர்ந்த சபையார் அவ்வேறுபாட்டை உடனே உணர்வர். இளையோர் அதையே வேதவசனம் எனக் கொள்வர். இது சிறு பிழை அன்று. ஒரு சபையின் நினைவையே மெல்ல மாற்றிவிடும் பிழை.

பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளையை நாம் பிறர்மீது பழிசுமத்துதல் என்ற அளவிலேயே பெரும்பாலும் விளக்கி வந்துள்ளோம். ஒருவர் சொல்லாததை அவர் சொன்னதாகச் சபையின் முன் கூறுதலும் அக்கட்டளையின் எல்லைக்குள் அடங்கும். "இயந்திரம் தந்தது" என்பது அங்கு விடையாகாது. மேடையில் நின்று சொன்னவர் ஆயரே.

இவற்றைக் கொண்டு, மாணவர் இக்கருவியை அறவே தொடலாகாது என முடிவுகட்டுதல் நீதியன்று. நம் இறையியல் நூலகங்களில் பெரும்பாலான நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. சிற்றூர்ப் பள்ளியில் தமிழ்வழி பயின்று வந்த மாணவர் ஒருவர், ஓர் ஆங்கில நூலின் கடினமான பத்தியை எளிய தமிழில் விளக்கும்படி கருவியைக் கேட்டு, பின்னர் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிப்பாராயின், முன்பு வசதி படைத்தோருக்கே கிடைத்த தனிப்பயிற்சி அவருக்கும் கிட்டுகிறது. பார்வையற்ற மாணவருக்கு நூலைப் படித்துக்காட்டவும், கிரேக்க வினைவடிவங்களில் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளவும், தம் வாதத்திற்கு எழக்கூடிய மறுப்புகளை முன்கூட்டியே எண்ணிப்பார்க்கவும் அது உதவும். இவையெல்லாம் கற்றலை ஊக்குவிப்பன.

ஆனால் கற்றலுக்குப் பதிலாக நிற்பன வேறு. ஆசிரியர் ஒரு கட்டுரையை எழுதச் சொல்வது அக்கட்டுரை உலகுக்குத் தேவை என்பதற்காக அன்று. அதை எழுதும் மாணவர், எழுதுவதற்கு முன் இருந்ததினும் சற்று வேறான ஒருவராக மாற வேண்டும் என்பதற்காகவே. ஓர் எபிரேயச் சொல்லோடு ஓரிரவு போராடிய மாணவருக்கும், அச்சொல்லின் பொருளை ஒரு நொடியில் பெற்ற மாணவருக்கும் விடைத்தாளில் வேறுபாடு தெரியாமற் போகலாம். பத்தாண்டுகள் கழித்து, துணைக்கு யாருமற்ற ஒரு மருத்துவமனை வராந்தாவில் அவ்வேறுபாடு தெரியும்.

3. தீர்ப்பைக் கைமாற்றுதல்

மாணவர் மட்டுமன்று, கல்லூரியும் தன் பொறுப்பைக் கைமாற்றக்கூடும். மாணவரின் எழுத்து இயந்திரத்தால் ஆக்கப்பட்டதா என்பதைக் கண்டறியும் கருவிகள் 2023 முதல் பரவலாகப் புழக்கத்திற்கு வந்தன. பிறர் எழுத்தைக் களவாடுவதைக் கண்டுபிடிக்கக் கல்லூரிகள் நெடுங்காலம் பயன்படுத்திவந்த டர்னிட்டின் எனும் சேவை, 2023 ஏப்ரலில் இத்தகைய கண்டறியும் வசதியைச் சேர்த்தது. தவறாகக் குற்றஞ்சாட்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றே என அந்நிறுவனம் கூறியது.

முன்னர் நாம் கண்ட அதே வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், 2023 ஆகஸ்டில் இவ்வசதியை நிறுத்திவிட்டது. அதற்கு அது காட்டிய காரணம் எளிய கணக்கு. 2022-இல் அப்பல்கலைக்கழகத்திலிருந்து டர்னிட்டினுக்கு அனுப்பப்பட்ட கட்டுரைகள் ஏறத்தாழ 75,000. நூற்றுக்கு ஒன்று என்ற அளவையே ஏற்றாலும், தம் கையால் எழுதிய சுமார் 750 கட்டுரைகள்மீது பொய்க்குற்றம் சுமத்தப்பட்டிருக்கும். மேலும், கருவி எவ்வகையில் முடிவுக்கு வருகிறது என்ற விளக்கம் போதிய அளவு தரப்படவில்லை. களவாடப்பட்ட எழுத்தாயின் மூலத்தை அருகில் வைத்துக் காட்டலாம். இங்கோ காட்டுவதற்கு மூலம் இல்லை. குற்றஞ்சாட்டப்பட்ட மாணவர் எதை மறுப்பார்?

அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய கருவிகள் ஏழினைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் தேர்விற்காக எழுதிய 91 கட்டுரைகளை அவற்றிடம் தந்தபோது, சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை இயந்திர எழுத்து எனத் தவறாகத் தீர்க்கப்பட்டன. எளிய சொற்களையும் வழக்கமான வாக்கிய அமைப்புகளையும் கையாள்வோரின் எழுத்தை எளிதில் கணிக்க முடிவதால், கருவி அதை இயந்திரத்தின் எழுத்தாகக் கொள்கிறது. ஓப்பன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்டிருந்த கண்டறியும் கருவியை, அதன் துல்லியம் குறைவு என்று கூறி 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது.

இச்செய்தி நம் கல்லூரிகளை நேரடியாகத் தொடுகிறது. நம் மாணவர் பலர் இரண்டாம் மொழியாகவே ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். இலக்கணப் பிழைக்கு அஞ்சி, கற்ற சில வாக்கிய அமைப்புகளையே திரும்பத் திரும்பக் கையாள்பவர் அவர்களே. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த ஒரு மாணவர், இரவெல்லாம் விழித்து எழுதிய கட்டுரைக்காகக் கள்ளர் என அழைக்கப்படும் நிலையை எண்ணிப் பாருங்கள். கருவியைப் பயன்படுத்திய வேறொருவர், வாக்கியங்களைச் சற்றே மாற்றித் தப்பிவிடுவதும் நிகழும். இவ்வாறு எளியோரைப் பிடித்து வல்லோரை விடும் வலை ஒன்றை நீதி என்ற பெயரால் நாம் விரிக்கலாகாது.

ஐயம் எழுந்தால் ஆசிரியர் செய்யத்தக்கது வேறொன்று உண்டு. மாணவரை அழைத்து அமரச் செய்து, "இப்பத்தியில் நீர் கூற விழைந்தது யாது? இந்நூலை எங்கே கண்டீர்? இம்முடிவிற்கு எவ்வாறு வந்தீர்?" என்று உரையாடலாம். அரைமணி நேரத்தில் உண்மை பெரும்பாலும் தெளிவாகிவிடும். இம்முறைக்குக் காலம் தேவை. மாணவரை அறிந்திருத்தலும் தேவை. எழுபது பேரை ஒருவரே மதிப்பிடும் சுமையில் இது கடினம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கருவியின் விழுக்காட்டு எண் அச்சுமையைக் குறைப்பதில்லை. ஆசிரியரின் தோளிலிருந்து எடுத்து, பேச இயலாத மாணவரின் தோளில் வைக்கிறது.

4. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை

இதுவரை இயந்திரத்திடமிருந்து நாம் பெறுவதைப்பற்றிக் கண்டோம். நாம் அதற்குத் தருவதைப்பற்றி இனிக் காண்போம். இப்பகுதியே ஆயர்களுக்கு மிகவும் இன்றியமையாதது என்பது என் கருத்து.

மருத்துவமனைக் களப்பணிக்குச் செல்லும் இறையியல் மாணவர், நோயாளியோடு தாம் நிகழ்த்திய உரையாடலை நினைவிலிருந்து எழுதி, ஆற்றுப்படுத்தற் கலை ஆசிரியரிடம் அளிப்பது வழக்கம். அதில் நோயின் விவரம் இருக்கும். மணவாழ்வின் முறிவு இருக்கும். வேறெவரிடமும் சொல்லாத ஒரு குற்றவுணர்வு இருக்கும். அதைச் செம்மையான ஆங்கிலத்தில் மாற்றித் தரும்படி மாணவர் இக்கருவியிடம் இடுவாராயின் நிகழ்வது யாது? அவ்வுரையாடல் அக்கணமே அந்நோயாளியும் மாணவரும் ஆசிரியரும் அறியாத ஓர் இடத்திற்குச் சென்றுவிடுகிறது. மாணவருக்குத் தீய எண்ணம் எதுவும் இல்லை. பிழைதிருத்தம் ஒன்றையே அவர் நாடினார்.

இவ்வாறு சென்றது வெளிப்படுதல் கூடுமா? கூடும் என்பதற்குப் பதிவான நிகழ்ச்சிகள் உள்ளன. 2023 மார்ச் 20 அன்று, மென்பொருட் பிழை ஒன்றால், சாட்ஜிபிடியைப் பயன்படுத்திய சிலருக்குப் பிறருடைய உரையாடல்களின் தலைப்புகள் தெரிந்தன. கட்டணம் செலுத்தியோருள் சிலரின் பணம் செலுத்திய விவரங்களும் அன்று வெளிப்பட்டிருக்கக் கூடும் என அந்நிறுவனமே அறிவித்தது. அம்மாத இறுதியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு அதிகார அமைப்பு அச்சேவைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. ஏப்ரல் இறுதியிலேயே அது அங்கு மீண்டும் இயங்கியது. அதே ஆண்டில் சாம்சங் நிறுவனத்தின் பணியாளர் சிலர் நிறுவனத்தின் உட்குறிப்புகளை இக்கருவியில் இட்டது தெரியவந்து, மே மாதத்தில் அந்நிறுவனம் அதன் பயன்பாட்டைத் தன் பணியிடங்களில் தடைசெய்தது.

'நான் பின்னர் அழித்துவிட்டேன்' என்பதும் முழுமையான காப்பு அன்று. பதிப்புரிமை வழக்கு ஒன்றில், 2025 மே மாதம் நியூயார்க் கூட்டரசு நீதிமன்றம், பயன்படுத்துவோர் அழித்த உரையாடல்களையும் உட்படப் பாதுகாத்து வைக்குமாறு ஓப்பன்ஏஐ நிறுவனத்திற்கு ஆணையிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் இறுதிவரை அக்கடமை நீடித்தது. அழித்தவர் அழிந்தது என்றே நம்பியிருந்தார். நம் கையைவிட்டு நீங்கிய ஒன்றின் எதிர்காலத்தை நாம் உறுதி கூற இயலாது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வகையில் வளர்ந்துள்ளது. 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியிடப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு காலவரையறை தரப்பட்டது. ஒருவருடைய விவரத்தைப் பெறுவதற்குரிய இசைவு, கட்டாயமின்றியும், இன்ன நோக்கத்திற்கு என்று அறிந்தும், தெளிவாகவும் அளிக்கப்பட வேண்டும் என்பது அச்சட்டத்தின் கோட்பாடு. பதினெட்டு வயது நிரம்பாதோருக்குப் பெற்றோரின் இசைவு வேண்டும். தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் அதில் இடமுண்டு. தாளில் உள்ள பதிவு கணினியில் ஏற்றப்பட்டவுடன் அதுவும் இச்சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது என்பதைச் சபைப் பதிவேடுகளைப் படம்பிடித்துச் சேமிக்கும் குருமார் கவனிப்பாராக.

ஆயினும் ஆயருக்குரிய கடமை இச்சட்டத்தோடு தோன்றியதன்று. சட்டம் முடியும் இடத்தில் முடிவதும் அன்று. ஒருவர் நம்மிடம் தம் உள்ளத்தைத் திறந்தபோது, சொல்லப்பட்டது நம்மோடு நிற்கும் என்று நம்பியே திறந்தார். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நாம் எண்ணலாம். ஆனால் ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, நோய் ஆகிய நான்கும் சேர்ந்தால் சிறியதொரு சேகரத்தில் அவர் யாரென எவரும் அறிவர். அவர் விடுதலை பெறவேண்டிப் பேசிய சொல் அவருக்கே கண்ணியாகிவிடக் கூடும்.

5. கல்லூரி வகுத்துக்கொள்ளத்தக்க நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறை நெறிகளை முன்வைக்கலாம். இவை முடிந்த விதிகள் அல்ல. ஆசிரியரும் மாணவரும் கூடியமர்ந்து ஆராய்வதற்கான தொடக்கமே.

(அ) ஒவ்வொரு பாடத்திலும், ஒவ்வொரு பயிற்சியிலும் கருவிக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதை ஆசிரியர் பருவத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் தருதல் வேண்டும். மொழிப்பயிற்சியில் விலக்கப்படுவது நூற்சுருக்கத்தில் அனுமதிக்கப்படலாம். மாணவர் ஊகிக்கும்படி விடுதல் கண்ணி வைப்பதற்கு ஒப்பாகும்.

(ஆ) கருவியைப் பயன்படுத்தியவர், எக்கருவியை, எந்நாளில், எப்பகுதிக்கு, எதற்காகப் பயன்படுத்தினார் என்று இறுதியில் குறிப்பிட வேண்டும். இக்குறிப்பிற்காக மதிப்பெண் குறைக்கப்படலாகாது. குறைத்தால் எவரும் உண்மை சொல்லார்.

(இ) மேற்கோள் ஒவ்வொன்றையும் மாணவர் தம் கண்ணால் மூலத்தில் கண்டிருக்க வேண்டும். காணாத நூலைக் கண்டதாகக் காட்டுதல், கருவியால் நேர்ந்தாலும் அல்லாவிடினும், பொய்யே.

(ஈ) கண்டறியும் கருவியின் முடிவை மட்டும் கொண்டு எந்த மாணவரும் தண்டிக்கப்படலாகாது. மாணவரின் வாய்மொழியைக் கேட்டபின்னரே தீர்ப்பு. மாணவரின் கட்டுரையை அவர் இசைவின்றி வெளிநிறுவனக் கருவிகளில் ஆசிரியர் இடுதலும் தவறு. மாணவரின் எழுத்தும் அவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளே.

(உ) ஆற்றுப்படுத்தல் உரையாடல்கள், மாணவரின் மதிப்பெண்கள், குருப்பணிக்கு வந்தோரைப்பற்றிய நேர்காணற் குறிப்புகள், பரிந்துரை மடல்கள், ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகள் ஆகியவற்றைப் பொதுக் கருவிகளில் எவரும் இடலாகாது. இதற்கு விதிவிலக்கு இல்லை. தரவு வெளியே செல்லாதவாறு தமக்கெனத் தனித்தளம் அமைத்துக்கொண்ட பல்கலைக்கழகங்கள் உண்டு. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமே பின்னர் ஆம்ப்ளிஃபை எனும் தளத்தை உருவாக்கியது. சிறிய கல்லூரிகளுக்கு அத்தகைய வசதி எளிதன்று. ஆகவே, இடாமலிருத்தலே நம் காப்பு.

(ஊ) கல்லூரியின் பெயரால் செல்லும் ஆறுதல் மடல், கண்டன மடல், பணிநீக்க மடல், வாழ்த்து மடல் ஆகியவற்றை அதில் கையொப்பமிடுபவரே எழுத வேண்டும். வகுப்பு அட்டவணையையும் கூட்ட அறிவிப்பையும் கருவி எழுதினால் எவரும் புண்படார்.

இறுதி நெறியில் அடங்கியுள்ள அளவுகோலே நாம் தேடியது எனக் கொள்ளலாம். ஒரு பணியைக் கருவியிடம் ஒப்படைக்குமுன் நம்மை நாமே இவ்வாறு வினவுவோமாக: இச்சொல்லைப் பெறுபவர், சொல்லின் பொருளை மட்டும் எதிர்பார்க்கிறாரா, அல்லது அதைச் சொல்பவரையும் எதிர்பார்க்கிறாரா? அட்டவணையைப் பார்ப்பவர் நேரத்தை அறிய விரும்புகிறார். பிள்ளையை இழந்தவர், தமக்காக ஒருவர் அமர்ந்து நினைத்தார் என்பதை அறிய விரும்புகிறார். தீர்ப்புக்குக் காத்திருக்கும் மாணவர், தம்மை ஒருவர் கேட்டார் என்பதை அறிய விரும்புகிறார். அங்கெல்லாம் ஆள் இல்லாத சொல், எவ்வளவு செம்மையாயினும், குறையுள்ளதே.

முடிவுரை

2023 ஜூன் மாதம் ஜெர்மனியின் ஃபூர்த் நகரத் திருச்சபை ஒன்றில், முந்நூறு பேருக்கு மேற்பட்டோர் கூடிய ஆராதனை ஒன்று, ஏறத்தாழ முழுவதும் இயந்திரத்தால் ஆக்கப்பட்ட அருளுரையோடும் மன்றாட்டோடும் ஒரு சோதனை முயற்சியாக நடத்தப்பட்டது. திரையில் தோன்றிய உருவங்கள் பேசின. வந்தவர்களுள் வியந்தோரும் இருந்தனர்; உயிரும் உணர்வும் இல்லை எனக் குறைகூறினோரும் இருந்தனர். இத்தகைய சோதனைகள் இனியும் நிகழும். கருவிகளும் திறன் பெறும். இன்று நாம் காட்டும் பிழைகளுள் பல நாளை திருத்தப்படலாம். ஆகவே, 'இயந்திரம் நன்றாக எழுதாது' என்பதன்மேல் நம் நெறியைக் கட்டலாகாது. அது நன்றாகவே எழுதும் நாளிலும் நிற்கத்தக்க காரணம் நமக்கு வேண்டும்.

பீபடி கல்லூரியின் முதல் மடல் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. மாணவர் எதிர்பார்த்தது அதனினும் சிறந்த நடையை அன்று. தடுமாறிய மூன்று வாக்கியங்களாயினும், தம் ஆசிரியர் ஒருவர் தம்மை நினைத்து எழுதியவற்றையே அவர்கள் எதிர்பார்த்தனர். நம் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் புறப்படும் இளம் ஆயர்கள், முதல் ஆண்டிலேயே ஒரு சாவு வீட்டின் முற்றத்தில் நிற்பர். அங்கு அவர்கள் சொல்லும் சொல் தடுமாறலாம். அது அவர்களுடைய சொல்லாய் இருக்கும்படி அவர்களை ஆயத்தம் செய்வது நம் கடன். வரும் கல்வியாண்டு தொடங்குமுன், ஆசிரியர் குழுவும் மாணவர் மன்றமும் ஒருநாள் கூடி, மேற்கண்ட நெறிகளைத் திருத்தியும் சேர்த்தும் தமக்கென எழுதிக்கொள்ளுமாக. அதையாவது இயந்திரத்தின் துணையின்றி எழுதுவது நன்று.